கை அசைக்க ஆளில்லாத கச்சேரி

"அம்மா, குக்கரை எப்போ அணைக்கணும்?" "அம்மா, என் நீலச் சட்டை எங்கே?"

கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய மூன்றாம் நாள். கனமான எதையும் தூக்காதீர்கள், நன்றாக ஓய்வெடுங்கள் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். உடம்புதான் படுத்திருந்தது, வாய்க்கு ஓய்வில்லை! படுக்கையிலிருந்தே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன்.

கல்லூரியில் படிக்கும் என் பெண் கதவைச் சாத்திவிட்டு, "ஒரு மணி நேரம் பேசாம இதைக் கேளும்மா" என்று போனில் ஏதோ போட்டாள். பியானோக்களும் மரக்கட்டை வாத்தியங்களும் ஒரே மாதிரி டக்டக்கென்று ஓடின. "மிக்ஸி ஓடுற மாதிரி இருக்கேடி!" என்றேன். சிரித்துவிட்டு விவரம் சொன்னாள்.

அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ், 1974 முதல் 1976 வரை உருவாக்கிய 'மியூசிக் ஃபார் எய்ட்டீன் மியூசிஷியன்ஸ்' என்ற படைப்பாம் அது. 1976-ல் நியூயார்க்கில் அரங்கேறியது. நாங்கள் கேட்டதோ, மிச்சிகன் மாநிலத்தில் அலெண்டேல் என்ற சிற்றூரிலுள்ள கிராண்ட் வேலி ஸ்டேட் பல்கலைக்கழகத்து மாணவ மாணவிகள் வாசித்தது. பில் ரயன் என்ற ஆசிரியர் 2006-ல் தொடங்கிய குழு. 2007-லேயே இந்தப் பதிவு வெளிவந்துவிட்டது.

இதில் அதிசயம் என்ன தெரியுமா, சகோதரிகளே? முன்னால் நின்று கை அசைத்து நடத்த ஆளே கிடையாது! வயலின், செல்லோ, கிளாரினெட், பியானோ, மரிம்பா, நான்கு பெண் குரல்கள் எல்லாம் உண்டு. ஆனால் தனி ஆவர்த்தனம் யாருக்கும் இல்லை. அடுத்த பகுதிக்கு மாறும் நேரம் வந்தால் வைப்ரஃபோன் என்ற உலோக வாத்தியம் கணீரென்று குரல் கொடுக்கும். மற்றவர்கள் அதைக் கேட்டு மாறிக்கொள்வார்கள். கிளாரினெட் ஊதுகிறவரும் பாடுகிறவரும் தங்களுக்குச் சிரமமில்லாமல் மூச்சு நிற்கும் வரைதான் ஸ்வரத்தைத் தொடர்வார்கள். பிறகு மெல்ல ஓய்ந்து, மறுபடி மூச்செடுப்பார்கள். அளவு கடிகாரம் அல்ல, மனித மூச்சு!

அரை மணி கழித்துப் பார்த்தால், என் மூச்சும் நிதானமாகியிருந்தது. மிக்ஸி மறந்து போயிற்று. அலை மேல் அலையாக வந்தது.

ஆனால் மனசில் ஒன்று சுருக்கென்றது. இருபது வயசுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்டு ஒரு மணி நேரம் தவறாமல் வாசிக்கிறார்கள். என் வீட்டிலோ, நான் சொல்லாமல் ஒரு டம்ளர் நகராது. அவர்கள் கேட்கத் தெரியாதவர்களா, நான் கேட்க விடாதவளா?

மறுநாளே சொல்லிவிட்டேன்: "மூணாவது விசில்தான் நம்ம வீட்டு வைப்ரஃபோன். யார் பக்கத்தில் இருக்கீங்களோ, அவங்க அணைக்கணும். என்னைக் கேட்கக் கூடாது."

முதல் நாள் ஆறு விசில் போய் சாதம் களியாயிற்று. வாயைத் திறக்கப் போனேன். மூச்சை இழுத்து விட்டுப் படுத்துக்கொண்டேன். நாலாம் நாள் மூன்றாவது விசிலுக்கு என்னவர் ஓடியதைப் பார்க்க வேண்டுமே!

ஓய்வு என்றால் உடம்பைக் கிடத்துவது மட்டுமில்லை என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. உங்கள் வீட்டில் எத்தனாவது விசிலுக்கு யார் ஓடுகிறார்கள்?