ஈரம் சுவரின் குற்றமா?

பழைய வீடென்றால் ஈரம், ஈரமென்றால் நோய், ஆகையால் இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்புவதே விவேகம் என்னும் அபிப்பிராயம், மலேசியாவின் செமினியிலும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நம்மவரிடையே வேரூன்றிவிட்டபடியால், அதை மறுக்கிறவனைப் பழமைப் பித்தன் என்று ஒதுக்குவது எளிதாகிவிட்டது. ஆயினும் மறுக்கிறேன்.

செமினி கடைத்தெருவில் ஒரு பழைய கடைவீட்டின் ஐந்தடி நடைபாதையில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, முழங்கால் உயரத்துக்குச் சுவர் கறுத்து, சாயம் கொப்புளித்து, தொட்ட விரலில் வெள்ளை உப்பு ஒட்டிக்கொண்டதைக் கண்டேன். ஆனால் சிமெண்டுப் பூச்சு உடைந்து விழுந்திருந்த ஒரு சாண் இடத்திலோ, அடியிலிருந்த சுண்ணாம்புக் காரை நகத்தால் கீறியும் உதிராமல் உலர்ந்து கிடந்தது. அக்காலத்துச் செங்கல்லும் சுண்ணாம்பும் நிலத்து நீரை உறிஞ்சும். உறிஞ்சியதைக் காற்றில் விட்டும்விடும். அந்தச் சுவாசத்தைச் சிமெண்டாலும் பிளாஸ்டிக் சாயத்தாலும் அடைத்துவிட்டால், வழியற்ற ஈரம் மேலே ஏற, உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதைப் பொடியாக்குகிறது. நாம் மூச்சடைத்த சுவரை நாமே நோயாளி என்று பழிப்பது என்ன நியாயம்?

சுவர் மட்டுமல்ல, சட்டமும் இதில் சம்பந்தப்பட்டது. 1948 ஜனவரி 31க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையை உறையவைத்திருந்ததால், ஓடு மாற்றும் செலவுக்கே வரும்படி போதாத உரிமையாளர்கள் வீடுகளைக் கைவிட்டார்கள். 1997இல் அச்சட்டம் நீக்கப்பட்டு, 1999இன் இறுதியோடு அவகாசமும் தீர்ந்தபின், பழுதுபார்ப்பதைவிட நிலத்தை விற்பதே லாபம் என்றாயிற்று. பல பத்தாண்டு அலட்சியத்தின் விளைவை மூப்பின் விளைவாக எண்ணிவிட்டோம்.

செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸையே பாருங்கள். யாழ்ப்பாணத் தமிழர் 1904இல் எழுப்பிய விவேகானந்தர் ஆசிரம வளாகத்தில் 23 மாடி அடுக்ககம் கட்டும் திட்டம் 2014இல் வெளிவந்தபோது, பொதுமக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்; பிற்பாடு ஆசிரமம் பாரம்பரியக் கட்டடமாகப் பாதுகாப்புப் பெற்றது. எதிர்த்தவர்களை முன்னேற்றத்தின் விரோதிகள் என்றவர்கள் இன்று அந்த வாசலில் நின்று பார்க்கட்டும்.

நவீன வாசம் வேண்டாமென்று நான் வாதிக்கவில்லை. நீண்டு ஒடுங்கிய கடைவீட்டின் நடுவே வெளிச்சத்துக்கென விட்ட திறந்த முற்றத்தின் ஓரமாகத் தண்ணீர்க் குழாய்களை இறக்கி, சமையலறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்து, உத்திரங்களின் மக்கிய முனைகளை மாத்திரம் வெட்டி நல்ல மரம் சேர்த்தால், மேல்மாடிகளில் தனித்தனிக் குடித்தனங்கள் சௌகரியமாக வாழலாம். பக்கத்துச் சிங்கப்பூர் 1989இல் சைனாடவுனையும் லிட்டில் இந்தியாவையும் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்து, அத்தகைய வீடுகளைப் புதுவாழ்வுக்குத் திருத்தியிருக்கிறது. செலவு அதிகம் என்பார்கள். சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார் அருகிவிட்டதால் அது உண்மையே. ஆனால் இடிப்பதற்கும், இடிபாட்டை லாரியேற்றுவதற்கும், புதிதாகக் கான்கிரீட் வார்ப்பதற்கும் ஆகும் செலவை அவர்கள் அதே ஏட்டில் எழுதுவதில்லை.

கோவிலில் காரை உதிர்ந்தால் நாம் கோவிலை இடிப்பதில்லை. பாலாலயம் செய்து, பன்னிரண்டாண்டுக்கொரு முறை திருப்பணி நடத்திக் கும்பாபிஷேகம் காண்கிறோம். சிதைந்ததைப் புதுப்பிப்பதற்கென ஜீர்ணோத்தாரணம் என்ற சொல்லையே வைத்திருக்கும் ஜனங்கள், பாட்டனார் கட்டிய வீட்டுக்கு மட்டும் அந்த மரியாதையை மறுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பழைய வீடு வைத்திருக்கும் அன்பரே, இடிப்புக்காரரை அழைப்பதற்கு முன், உங்கள் சுவரில் ஒரு சாண் சிமெண்டை உரித்துவிட்டு, ஒரு மாதம் காற்றுப்பட விட்டு, பிறகு தொட்டுப் பாருங்கள்.