மதுரைக்கு இரண்டு நாள்



விடுமுறை நெருங்கினால் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது: “ரெண்டு நாள் இருக்கு. மதுரையில என்ன பார்க்கலாம், எங்க சாப்பிடலாம்?” இடங்களை அடுக்குமுன் கடிகாரத்தைப் பாருங்கள் என்பேன். முதல்முறை குடும்பத்தோடு போனபோது பகல் ஒரு மணிக்கு மீனாட்சியம்மன் கோயில் வாசலில் நின்றேன். நடை சாத்தியிருந்தது. வெயிலில் பிள்ளைகளின் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மதுரை விடியலிலும் இரவிலும் வாழ்கிற ஊர். சென்னையிலிருந்து வருகிறவர்கள் இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும் நேரத்துக்கு இறங்கிவிடலாம். குளித்துவிட்டு நேரே மீனாட்சியிடம் போங்கள். செல்போன் உள்ளே கூடாது. அறையிலேயே வைத்துவிட்டால் ஒரு வரிசை மிச்சம். கிழக்கே அஷ்டசக்தி மண்டபம் வழியாக நுழைந்து அம்மனை முதலில் கும்பிட்டு, பிறகு சுவாமி சொக்கநாதரின் சன்னதிக்குப் போவதுதான் ஊர் வழக்கம். ஆயிரங்கால் மண்டபத்தில் இருப்பவை 985 தூண்கள். பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள், நீங்கள் சிற்பங்களைப் பாருங்கள்.

வெளியே வந்ததும் பருத்திப் பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில் கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சியது. தள்ளுவண்டியில் சுடச்சுடக் குடிக்க வேண்டும். அதன்பின் மாசி வீதிகளில் நடங்கள். மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான், 1921 செப்டம்பரில், காந்தி நான்கு முழ வேட்டிக்கு மாறினார். அந்த வீட்டைத் தாண்டிப் போகும்போது கொஞ்சம் நின்றுவிட்டுப் போங்கள்.

மதியம் கறிதோசை. தோசை, அதன்மேல் முட்டை, அதற்கும்மேல் கொத்துக்கறி. ஒன்றை இருவர் பங்கிடலாம். சாப்பிட்டதும் தூங்குங்கள். இதைத் திட்டத்திலேயே எழுதிவைக்கச் சொல்கிறேன். பகலில் தூங்காதவர்களால் மதுரையின் இரவைப் பார்க்க முடியாது.

சாயங்காலம் திருமலை நாயக்கர் மகால். 1636இல் எழுந்த அரண்மனையில் இன்று மிஞ்சியிருப்பது கால்வாசிதான். அந்தத் தூண்களின் கீழ் நின்றால் போன முக்கால்வாசியை மனம் தானாகவே கட்டத் தொடங்கிவிடும். திரும்பும் வழியில் ஜிகர்தண்டா: சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம்.

பிறகு மறுபடியும் கோயில். பலரும் தவறவிடுவது இதைத்தான். நடை சாத்துமுன் சொக்கநாதரின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து, மேளதாளத்தோடு மீனாட்சியின் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்கிறார்கள். பகல் முழுக்க நெரிந்த பிராகாரத்தில் அப்போது கூட்டம் குறைந்திருக்கும். நாகசுரத்தின் ஒலி கல்லில் பட்டுத் திரும்பும். ஒவ்வொரு இரவும் இந்த வீட்டில் கணவன் மனைவியைத் தேடிப் போகிறான். என் அம்மாவை அங்கே அழைத்துப் போன இரவில், வெளியே வந்தும் அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “இட்லி சாப்பிடலாமா?” என்றார். அந்த நேரத்துக்கும் ஆவி பறக்கும் இட்லியும் நான்கு சட்னியும் கிடைத்தன. தூங்கா நகரம் அல்லவா!

மறுநாளை முழுக்க, அகழாய்வு நடந்த கீழடிக்குக் கொடுங்கள். ஊரிலிருந்து தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர். 2023இல் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடுகளின் சாயலில் கட்டியது. கிளம்புமுன் வார விடுமுறை என்றைக்கு என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். தக்களிகள், பகடைக்காய்கள், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள். ‘ஆதன்’ என்று ஓர் ஓட்டில் பெயர் இருக்கிறது. தன் பானை இன்னொருவர் பானையோடு மாறிவிடக் கூடாது என்று எழுதி வைத்தாரோ என்னவோ. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட அந்தக் கையெழுத்தை ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கப் பிள்ளைகளுக்கு நேரம் கொடுங்கள். அழகர்கோயில், சமணர் மலை, யானைமலை எல்லாம் அடுத்த முறைக்கு இருக்கட்டும்.

ரயிலேறுமுன் இரண்டு முழம் மல்லி வாங்கிக்கொள்ளுங்கள். மொட்டாகப் பார்த்து வாங்கினால் வீடு சேரும்போது மலர்ந்திருக்கும்.

உங்கள் ஊருக்கு விருந்தாளி வந்தால் முதலில் எங்கே கூட்டிப்போவீர்கள், என்ன வாங்கிக் கொடுப்பீர்கள்? எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்