எண்ணும்போது பின்கட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள்

சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்து அண்ணாச்சிமார்களுக்கும் மதினிமார்களுக்கும், பட்டாசு செய்யும் பயர் ஆபீஸிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் வேலை பார்க்கும் அம்மாமார்களுக்கும் சிங்கப்பூரிலிருந்து உங்கள் ஊர்ப்பிள்ளை எழுதிக்கொள்வது.

மழை தண்ணி எப்படி, பங்குனிப் பொங்கலுக்கு யார் யார் வந்தார்கள் என்பதையெல்லாம் போனிலேயே கேட்டுக்கொள்கிறேன். இந்த மடல் வேறு ஒரு காரியத்துக்காக. ஊரில் ஜனக்கணக்கு எடுக்கப்போகிறார்கள். 2021இல் எடுத்திருக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிக்கொண்டே போய், 2027 மார்ச் 1ஆம் தேதியைக் கணக்கு நாளாக வைத்திருக்கிறார்கள். முதலில் வீட்டுக்கணக்கு, அதன் பிறகு ஆள்கணக்கு. அதுபற்றிய நோட்டீஸைப் படித்த நாளிலிருந்து உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று மனது அடித்துக்கொள்கிறது. நான் பிழைக்க வந்த இந்தத் தீவில் மனிதர்களை எப்படி எண்ணுகிறார்கள் என்று சொன்னால்தான் நான் ஏன் கேட்கிறேன் என்பது புரியும்.

நம் விருதுநகர் மாவட்டம் 4,200 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2011 கணக்கில் 19 லட்சத்து 42 ஆயிரம் பேர். சிங்கப்பூர் முழுவதும் சேர்த்தே 735 சதுர கிலோமீட்டர்தான். நம் மாவட்டத்தை ஆறாகப் பிரித்தால் ஒரு பங்கு. அந்த ஒரு பங்குக்குள் 2024 ஜூன் கணக்குப்படி 60 லட்சத்து 40 ஆயிரம் பேர் வாழ்கிறோம். வயல் கிடையாது, கரிசல் கிடையாது, கால்நீட்டிப் படுக்கத் திண்ணை கிடையாது. பெரும்பாலோர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடிகளில் குடியிருக்கிறார்கள்.

அந்த அடுக்குமாடிகளில் ஒரு சட்டம் உண்டு. 1989இலிருந்து ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தார் எத்தனை சதவீதம் வரை இருக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். சீனருக்கு 87, மலாய்க்காரருக்கு 25, இந்தியருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து இப்போது 15. சீனர் வரம்பு நிறைந்த புளோக்கில் ஒரு தமிழர் தன் வீட்டை விற்க நினைத்தால் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருகிறவர் குறைவார்கள், விலை இறங்கும். இதனால் நஷ்டப்பட்ட நம் ஆட்களை எனக்குத் தெரியும். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் இந்தச் சட்டம் வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். தெருப் பெயரைச் சொன்னவுடனே சாதி தெரிந்துவிடும் ஊரிலிருந்து வந்தவன் நான். என் மகள் ஏறும் லிஃப்டில் அவளோடு நிற்பவர்கள் யார் என்று எந்தத் தெருப் பெயரும் சொல்லாது.

இனவாரிக் கணக்கு இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். 2020 கணக்கெடுப்பில் சீனர் 74.3, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9, மற்றவர் 3.2 சதவீதம். இந்தியர் என்றால் தமிழர், மலையாளி, பஞ்சாபி, குஜராத்தி, சிந்தி எல்லாரும் அதில் அடக்கம். பாதிக்குச் சற்று மேல் நாம். 1824இல் ஆங்கிலேயர் எடுத்த முதல் கணக்கில் மொத்தம் 10,683 பேர். அதில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் 756. அதுவும் ஏழு சதவீதம் வந்துவிடுகிறது. அன்று வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1931இல்கூட இங்கிருந்த இந்தியரில் ஒரு பெண்ணுக்கு ஐந்து ஆண்கள் என்ற கணக்கு. தனியாக வந்து, சம்பாதித்து அனுப்பி, ஊர் திரும்பினார்கள், அல்லது இங்கேயே செத்தார்கள்.

தமிழ் இங்கே ஆட்சிமொழி. ரயில் நிலையத்தில் தமிழ், பணநோட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தமிழ். ஆனால் வீட்டில் தமிழ்தான் அதிகம் பேசுகிறோம் என்று சொன்னவர்கள் 2010இல் நூற்றுக்கு 3.3 பேர், 2020இல் 2.5 பேர். என் வீட்டிலும் இந்தப் போராட்டம் தினமும் உண்டு.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

74, 13, 9, 3 என்ற அந்தக் கணக்கு குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே வைத்துப் போடப்படுகிறது. அவர்கள் சேர்ந்து ஏறத்தாழ 41 லட்சத்து 80 ஆயிரம். மீதி 18 லட்சத்து 60 ஆயிரம் பேர், பத்தில் மூன்று பேர், அந்த விகிதத்தில் இல்லை. கட்டடம் கட்டுகிறவர்களும் கப்பல் பட்டறையில் வெல்டிங் அடிக்கிறவர்களும் ஆலைகளில் வேலை செய்கிறவர்களுமாக வேலை பெர்மிட்டில் வந்தவர்கள் நாலரை லட்சம் பேர். வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஏறக்குறைய மூன்று லட்சம். நம் மாவட்டத்துப் பையன்கள், புதுக்கோட்டை, ராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பையன்கள், வங்கதேசத்துப் பையன்கள் எல்லாம் இதற்குள்தான். மொத்தத் தொகையில் இருப்பார்கள். இந்தியர் ஒன்பது சதவீதம் என்று சொல்லும்போது இருக்க மாட்டார்கள்.

நானும் அப்படித்தான் வந்தேன். லாரியின் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போனேன். பெர்மிட்டில் இருப்பவன் பெண்டாட்டி பிள்ளைகளை அழைத்து வர முடியாது. இங்குள்ள குடிமகளையோ நிரந்தரவாசியையோ கல்யாணம் செய்ய வேண்டுமென்றால் அரசின் அனுமதி வேண்டும். பெர்மிட் முடிந்தால் கிளம்ப வேண்டும். பரீட்சை எழுதி, சேஃப்டி வேலைக்கு மாறி, பல வருஷம் கழித்து நிரந்தரவாசி ஆனேன். அந்தக் கடிதம் கையில் வந்த அன்றுதான் இந்த ஊரின் விகிதத்துக்குள் ஒரு தலையாக நான் சேர்ந்தேன்.

2020 ஏப்ரலில் இங்கே தொழிலாளர் விடுதிகளில் கொரோனா பரவியது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விடுதிகளில் இருந்தார்கள். அப்போது நான் வாடகை வீட்டுக்கு மாறிவிட்டேன். என்னோடு வேலை பார்த்த சாத்தூர்ப் பையன்கள் உள்ளே இருந்தார்கள். தினமும் சுகாதார அமைச்சு எண்ணிக்கை வெளியிடும். விடுதிகளில் இத்தனை பேர், சமூகத்தில் இத்தனை பேர் என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லும். அரசு அவர்களைக் கைவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்: வைத்தியம் இலவசம், சாப்பாடு வந்தது, இறந்தவர்கள் மிகச் சிலரே. ஆனால் சமூகத்தில் பத்துப் பேருக்குக் கீழே என்று கேட்டு இந்த ஊர் நிம்மதி அடைந்த சாயங்காலங்களில், உள்ளே நூற்றுக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. அந்த நூற்றுக்கணக்கில் ஒருவன் எனக்குப் போன் செய்து, "அண்ணே, நாம சமூகம் இல்லையா?" என்று கேட்டான். அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த நாடு ஏன் வெளியாட்களை இவ்வளவு நம்பி இருக்கிறது? பிள்ளை பிறப்பது குறைந்துவிட்டது. 1972இல் இரண்டோடு நிறுத்துங்கள் என்று பிரசாரம் செய்தார்கள். ஜனங்கள் கேட்டுக்கொண்டார்கள், அளவுக்கு மீறியே கேட்டுக்கொண்டார்கள். 1987இல் வசதி இருந்தால் மூன்று பெறுங்கள் என்று மாற்றினார்கள். 2001இலிருந்து பிள்ளைக்குப் பணமே தருகிறார்கள். ஆனாலும் 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.97 பிள்ளை என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. ஒருமுறை இறங்கினால் ஏற்றுவது எவ்வளவு கடினம் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பெறாத பிள்ளைகளின் இடத்துக்கு வந்தவர்கள்தான் நாங்கள்.

இப்போது நம் ஊரைப் பாருங்கள்.

2001க்கும் 2011க்கும் இடையில் தமிழ்நாட்டு ஜனத்தொகை 15.6 சதவீதம் கூடியது. விருதுநகர் மாவட்டத்தில் 10.9 சதவீதம்தான். அதற்குப் பிறகு குடும்பங்கள் இன்னும் சுருங்கியிருக்கின்றன. என் வயதுக்காரர்கள் வீட்டில் மூன்று நான்கு பிள்ளைகள். இன்று ஒன்று, மிஞ்சினால் இரண்டு. இதில் எனக்கு வருத்தம் இல்லை. விடியுமுன் ஆபீஸ் பஸ்ஸில் ஏறி, கட்டை அடுக்கி, பெட்டி ஒட்டிய பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று காலேஜுக்குப் போகிறார்கள். தன் மகள் கையில் வெள்ளிப் பவுடர் படக் கூடாது என்று என் அக்கா முறையாகிற ஒருத்தி வைராக்கியமாக இருந்து, அந்தப் பெண் இன்று கோயமுத்தூரில் கணக்கு எழுதுகிறாள். இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அவள் விட்டுப்போன இடத்துக்கு யார் வருவது? ராஜபாளையம் நூற்பாலைகளில் ஒடிசா, பீகார் பிள்ளைகள் வந்து வெகுநாளாகிறது. இப்போது சிவகாசி அச்சாபீஸிலும் பட்டாசு ஆலைகளிலும் வடக்கத்திப் பையன்கள் என்று நீங்களே போனில் சொல்கிறீர்கள். சொல்லும் தொனி எனக்குப் பிடிக்கவில்லை, மன்னியுங்கள். "எங்க பார்த்தாலும் வடக்கன்" என்கிறீர்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமை தமிழர்கள் கூடும் தேக்காவில் நாங்கள் புல்தரையில் உட்கார்ந்து சாப்பிடும்போது, எங்களைப் பார்த்துச் சிலர் பேசுவதும் இதே தொனிதான்.

போனமுறை ஊருக்கு வந்தபோது ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை. வாசலில் எட்டு ஜோடிச் செருப்பு. ஒரு பையன் கவிழ்த்த தட்டின் மேல் ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தான். ஒரே பிளக்கில் மூன்று போன் தொங்கியது. ஈரத்துணி வாசம் வாசல் வரை வந்தது. அந்த வாசம் எனக்குத் தெரியும். வீட்டுக்கார அண்ணாச்சியிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டேன். "ரெண்டு பேர்" என்றார். நான் செருப்பைப் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "கூடச் சொன்னா வரியைக் கூட்டுவான், நாளைக்குப் போலீஸ்காரன் வந்து ஆதாரைக் காட்டுன்னு நிப்பான், எதுக்கு வம்பு" என்றார். நல்ல மனிதர். அந்தப் பையன்களில் ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் கஷாயம் வைத்துக் கொடுக்கிறவர் அவர். ஆனால் அன்று அவர் வாயால் ஆறு பேர் இல்லாமல் போனார்கள்.

இது வெறும் கணக்கு விவகாரம் அல்ல. நம் ஊரில் ஆள் இருக்கிறானா இல்லையா என்பது வெடிவிபத்து நடந்த அன்றைக்குத்தான் தெரியவருகிறது. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் 40 பேர் வரை போனார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை, சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள். ஆஸ்பத்திரி வாசலில் பெயர் தேடி நின்ற கூட்டத்தை நம்மில் யாரும் மறக்க முடியாது. உள்குத்தகைக்கு விட்ட ஷெட்டில், மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறாத ஒருவன் செத்தால், அவன் அங்கே வேலை பார்த்தான் என்பதை அவன் பெண்டாட்டி எப்படி நிரூபிப்பாள்? தமிழ் தெரியாத, ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற பெண்டாட்டி என்றால்?

நம் மாவட்டம் வெளியாட்களைப் புதிதாகப் பார்க்கிற மாவட்டமும் அல்ல. ராஜபாளையத்தில் ராஜுக்கள் வீட்டுக்குள் இன்றும் தெலுங்கு பேசுகிறார்கள். அருப்புக்கோட்டைத் தறிகளில் கன்னடம் கேட்கும். சிவகாசி, விருதுநகர், சாத்தங்குடி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் என்று ஆறு ஊர்களில் நாடார்கள் தெற்கேயிருந்து வண்டி கட்டி வந்து, பேட்டை அமைத்து, மகமை என்ற பொதுநிதி சேர்த்து வேரூன்றினார்கள். அவர்களை இங்கிருந்தவர்கள் மாலை போட்டு வரவேற்கவில்லை. 1899 சிவகாசிக் கலவரத்தில் என்ன நடந்தது என்று பெரியவர்களுக்குத் தெரியும். அந்த ஜனங்கள்தான் 1889இல் விருதுநகரில் மகமைப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டினார்கள். வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து நடத்திய அந்தப் பள்ளியில்தான் காமராஜர் படித்தார்.

அதனால் கேட்கிறேன். கணக்கெடுப்பவர் வாசலுக்கு வரும்போது பின்கட்டில் இருக்கிறவர்களையும் கூப்பிடுங்கள். அவர்கள் ஊர், வயது, தாய்மொழி எல்லாம் அவர்களே சொல்லட்டும். போஜ்புரி என்றால் போஜ்புரி, ஒடியா என்றால் ஒடியா, எல்லாவற்றையும் இந்தி என்று நீங்கள் எழுதச் சொல்லிவிடாதீர்கள். ஆலை நடத்துகிற அண்ணாச்சிமார்களே, மஸ்டர் ரோலில் பெயர் ஏறாமல் ஒருவனும் வெடிமருந்து அறைப் பக்கம் போகக் கூடாது. ரேஷன் கார்டு வைத்திருக்கிறவர்களுக்கு 2020 அக்டோபரிலிருந்து நம் கடையிலேயே அரிசி வாங்க வழி இருக்கிறது. மதினிமார்கள் அவர்களைக் கடைக்கு அழைத்துப்போய்க் காட்டுங்கள். குடும்பத்தோடு வந்தவர்களின் பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். தமிழ் அவர்களுக்குச் சீக்கிரம் வந்துவிடும். எங்கள் வீட்டுப் பிள்ளைகளைவிட நன்றாகவே வரும்.

எங்கள் அம்மாவுக்கு ஒரு வார்த்தை. கணக்கெடுப்பவரிடம் என் பெயரையும் சொல்லி எழுத வைக்க வேண்டும் என்று நினைப்பாய். வேண்டாம்மா. நான் அந்த வீட்டில் குடியிருக்கவில்லை, இங்கே என்னை எண்ணிக்கொண்டார்கள். பின்னறையில் வாடகைக்கு இருக்கிற நாலு பேர் பெயரையும் கேட்டு இப்போதே ஒரு தாளில் எழுதி, கேஸ் புக் வைத்திருக்கிற டப்பாவில் போட்டு வை.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப்பிள்ளை,
ஈசூன், சிங்கப்பூர்.