தொட்டி இன்னைக்கு, மீன் அடுத்த மாசம்

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் வாங்கி, குன்னம் வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து, அன்றைக்கே புதுத் தொட்டியில் விட்டால்... பெரும்பாலும் ஒரு வாரத்தில் செத்து மிதக்கும். "நம்ம வீட்டுக்கு மீன் ராசியில்லை" என்பார்கள். ராசியெல்லாம் இல்லீங்க, அம்மோனியா!

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொன்று அதை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் விஷம். மூன்றாவது செடிக்கு உரம். இந்த பாக்டீரியா பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மண், செடி, ஃபில்டர் மட்டும் போதும். தினம் ஒரு சிட்டிகை மீன்தீனி போட்டால் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. (ஃபில்டரைக் குளோரின் தண்ணீரில் கழுவினால் மறுபடி முதலிலிருந்து!)

தொட்டியும் மீனும் ஒரே பில்லில் விற்றால் கடைக்கு இரட்டை வியாபாரம், செத்ததற்குப் பதில் திரும்ப வாங்க வருவாங்களே! "மீனுக்கு அடுத்த மாசம் வாங்க" என்று சொல்லும் கடையில் ஐம்பது ரூபாய் கூடவே கொடுக்கலாம்.