டிரில் மாஸ்டரும் தங்கப் பதக்கமும்

கோல் போட்டவனைத் தோளில் தூக்குகிறோம். மாலை போடுகிறோம். அவனுக்குப் பந்து உதைக்கக் கற்றுக் கொடுத்தவர் கோட்டுக்கு வெளியே நிற்கிறார். அவர் பெயரை யாரும் கேட்பதில்லை.

அப்படி மறக்கப்பட்டவர்களில் முதல்வர் சையத் அப்துல் ரஹீம்.

ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா கால்பந்தில் தங்கப் பதக்கம் வென்றது இரண்டே தடவைதான். ஒன்று, 1951-ல் டெல்லியில். மற்றொன்று, 1962-ல் ஜகர்த்தாவில். இரண்டு தடவையும் பயிற்சியாளர் அவரே!

அதற்குப் பிறகு அந்தத் தங்கம் நம் பக்கம் திரும்பவே இல்லை.

ஐதராபாத்காரரின் கதை, உத்திரமேரூருக்குப் பக்கத்தில் உள்ள திருப்புலிவனத்துக்கு எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. ரஹீம் பணக்காரர் அல்ல. விளையாட்டை வைத்து வியாபாரம் செய்தவரும் அல்ல. அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்!

வாத்தியார் வேலை

ரஹீம் 1909-ம் ஆண்டு ஐதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தார். பள்ளி ஆசிரியர் ஆனார். பிறகு உடற்பயிற்சிக் கல்வியில் டிப்ளமா பெற்று, பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பொறுப்பை ஏற்றார்.

நம் ஊரில் "டிரில் மாஸ்டர்" என்கிறோமே, அந்த வேலைதான்.

ஐதராபாத் நகரப் போலீஸ் அணி அவர் கைக்கு வந்தது. பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பைப் போட்டியில், 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருடம் அந்த அணியே வென்றது. கோப்பை வேறு ஊருக்குப் போகவே இல்லை!

பத்துக்கு ஒன்று

வெற்றி மட்டும்தான் அவர் கண்டார் என்று எண்ணிவிடக் கூடாது.

1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக். எதிரே யூகோஸ்லாவியா. நம் ஆட்டக்காரர்களில் பலர் பூட்ஸ் அணியவில்லை. குளிர் பிரதேசத்தில் வெறுங்காலோடு ஆடினார்கள். முடிவு, பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் படுதோல்வி.

இப்படி ஓர் அடி விழுந்தால், விதியை நொந்துகொண்டு வீட்டில் உட்காருபவர்கள் உண்டு. ரஹீம் உட்காரவில்லை. பழைய ஆட்ட முறையை மாற்றினார். பூட்ஸ் போட்டு ஆடுவது கட்டாயம் ஆயிற்று.

நான்கே வருடம். 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக். சொந்த மண்ணில் ஆடிய ஆஸ்திரேலியாவை 4-2 என்று இந்தியா தோற்கடித்தது. நெவில் டிசோசா ஒருவரே மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் அரை இறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு இந்தியாதான். கடைசியில் நான்காவது இடம் கிடைத்தது.

செலவு இல்லாத பாடம்

என்ன மந்திரம் போட்டார் ரஹீம்? மந்திரம் ஒன்றும் இல்லை. இரண்டு போட்டிகளைச் சொல்லலாம்.

ஒன்றில், பந்தை ஒருவரே உருட்டிக்கொண்டு ஓடக் கூடாது. வந்த பந்தை உடனே அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும். "நானே கோல் போடுவேன்" என்ற பேராசைக்கு இதில் இடம் இல்லை. பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பந்து வருவதற்கு முன்பே பார்க்கும் பழக்கம் தானாக வந்துவிடும்.

இன்னொன்றில், பழக்கம் இல்லாத காலால்தான் உதைக்க வேண்டும். வலது காலில் வல்லவன், இடது காலால் ஆட வேண்டும். ஒரே காலை நம்புகிறவனை எதிரி சுலபமாக மடக்கிவிடுவான். இரண்டு காலும் பழகியவனை மடக்குவது கஷ்டம்.

இதற்கு என்ன செலவு? ஒரு பந்து. ஒரு மைதானம். பொறுமை உள்ள ஒரு வாத்தியார். அவ்வளவுதான்!

அம்முகுடா பையன்

செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடா என்ற சிற்றூரில், ஓர் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். அவருடைய ஆட்டம் ரஹீம் கண்ணில் பட்டது. பயிற்சிக்கு வந்து போகப் பையனிடம் காசு இல்லை. ரஹீம் சைக்கிளுக்கு ஏற்பாடு செய்தார்.

அந்தச் சைக்கிள், பலராமை ஒலிம்பிக் வரை கொண்டு போயிற்று. 1956-லும் 1960-லும் அவர் இந்தியாவுக்காக ஒலிம்பிக்கில் ஆடினார்.

சிற்றூரில் திறமை இல்லாமல் இல்லை. கண்டுபிடிக்கும் கண்தான் வேண்டும்.

ஜகர்த்தா

1962-ல் ஜகர்த்தா. ரஹீமைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் இந்தியா 0-2 என்று தோற்றது.

தாய்லாந்துடன் ஆடியபோது ஜர்னெயில் சிங்குக்குத் தலையில் காயம். தையல் போட்டார்கள். அவர் தற்காப்பு ஆட்டக்காரர். ரஹீம் அவரை முன்வரிசைக்கு மாற்றினார்.

மைதானத்துக்கு வெளியே அரசியல் தகராறு. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்கவில்லை. இதை இந்திய அதிகாரி ஜி.டி.சோந்தி கண்டித்தார். அதனால் இறுதி ஆட்டத்தில் கூட்டம் முழுவதும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல் போட்டது.

எதிரே அதே தென்கொரியா. பி.கே.பானர்ஜி ஒரு கோல். ஜர்னெயில் சிங் ஒரு கோல். கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ், நீலகிரியில் உள்ள வெல்லிங்டன் ராணுவ மையத்தின் அணியில் ஆடியவர். இந்தியா 2-1 என்று வென்றது!

அடுத்த ஆண்டு ஜூன் 11-ந் தேதி ரஹீம் காலமானார். பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது 1985-ல்தான் ஏற்பட்டது. அவருடைய கதை "மைதான்" என்ற இந்திப் படமாக வந்தது 2024-ல்.

ஆனால் அவர் விதைத்த விதை வீண் போகவில்லை. தமிழ்நாட்டுக்காரரான சைமன் சுந்தரராஜ், 1960-ல் ரோம் ஒலிம்பிக்குக்குச் சென்ற அணியில் இருந்தவர். பிறகு அவரே பயிற்சியாளர் ஆனார். 1973-ல் கேரளம் முதல் தடவையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது, அந்த அணியைத் தயார் செய்தவர் அவர்தான்.

நாம் செய்ய வேண்டியது

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

அறுவடை முடிந்த வயலில் பையன்கள் பந்து உதைக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது? பரீட்சை நெருங்கியதும் முதலில் பறிபோவது விளையாட்டு நேரம். கணக்குப் பாடம் அதை விழுங்கிவிடுகிறது. டிரில் மாஸ்டர் விழாவுக்குப் பந்தல் பார்க்கவும், வரிசையை ஒழுங்கு செய்யவும் போகிறார்.

இது சரி அல்ல. கணக்கு வேண்டும், யார் மறுத்தார்? ஆனால் அதற்காக விளையாட்டு நேரத்தைத் திருட வேண்டியது இல்லை.

ஊராட்சிகள், பிள்ளைகள் ஆடும் இடத்தில் கட்டடம் எழுப்பாமல் காக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கும் அந்த மைதானத்தில் பங்கு உண்டு. பெண்கள் கால்பந்தில் தமிழ்நாடு 2018-லும் 2023-லும் தேசியப் பட்டம் வென்றதை மறக்கக் கூடாது.

அணிக்கு ஆள் எடுப்பதிலும் நேர்மை வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டு நம் கண் முன் இருக்கிறது. பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் பொறித்தது. ஊர் வாரியத்துக்கு வருகிறவருக்கு என்ன தகுதி வேண்டும் என்று அதில் எழுதி வைத்தார்கள். கணக்குக் காட்டாதவரை மட்டும் அல்ல, அவருடைய உறவினரையும் விலக்கினார்கள். அந்த மண்ணில், பெரிய வீட்டுப் பிள்ளை என்பதற்காக ஒருவனை அணியில் சேர்க்கலாமா? ஏழை வீட்டுப் பலராம்களை வெளியே நிறுத்தலாமா?

அடுத்த ரஹீம் எங்கே இருக்கிறார் என்று டெல்லியில் தேட வேண்டாம். ஏதோ ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில், கழுத்தில் விசிலோடு நின்றுகொண்டிருக்கலாம். அவர் கையில் ஒரு நல்ல பந்தைக் கொடுங்கள். அவருக்கு உரிய நேரத்தையும் கொடுங்கள்!