ஆழம் அறியாமல் ஆளை இறக்காதீர்



நம்மில் பலர் நெல்லைச் சீமையிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் இம்மாநகருக்கு வந்து குடியேறியவர்கள். அல்லது அவ்வாறு வந்தவர்களின் மக்கள். ஊரை நினைக்கும்பொழுது வயலும் வாய்க்காலும் நினைவுக்கு வருவதுபோலவே, வீட்டுக் கொல்லையில் இருந்த எருக்குழியும் நினைவுக்கு வரும். உழவுக்கு முன் அக்குழியைத் திறந்து, மக்கிய எருவை வண்டியில் ஏற்றி, வயலெங்கும் இறைப்பார்கள். அதற்கு உரிமம் ஏது? சான்றிதழ் ஏது? தந்தை செய்ததை மகன் கண்டு கற்றான், அவ்வளவே.

ஆகவே, எரு இடுவதற்கு அரசாங்கத்தின் சான்றிதழ் வேண்டும் என்று ஒரு நாட்டில் விதி இருப்பதாகக் கேட்டால் நமக்குச் சிரிப்புக் கூட வரலாம். அமெரிக்காவில் அயோவா என்னும் மாநிலத்தில் அத்தகைய விதி உண்டு. அங்கே பெரும் பன்றிப் பண்ணைகளின் சாணமும் நீரும் ஆழமான குழிகளில் தேங்குகின்றன. அவற்றை எடுத்துப் பிறர் நிலங்களில் கூலிக்கு இடுவோர், ஆண்டுதோறும் மூன்று மணி நேரப் பயிற்சி பெற வேண்டும். அல்லது தேர்வு எழுதித் தேற வேண்டும். அதன் பின்னரே சான்றிதழ். அடுத்த ஆண்டு அதனைப் புதுப்பிக்கவும் வேண்டும். இதன் நோக்கம் இரண்டு. ஆறும் கிணறும் கெடாமல் காத்தல் ஒன்று. குழியருகே உழைப்பவன் உயிருடன் வீடு திரும்புதல் மற்றொன்று.

இந்த இரண்டாவது நோக்கம் நமக்கும் உரியது. நம் ஊர் எருக்குழி திறந்த குழி. அதில் காற்று உலவும். மூடிய குழியின் இயல்பு வேறு. நாம் ‘செப்டிக் டேங்க்’ என்று சொல்லும் கழிவுத் தொட்டி அத்தகைய மூடிய குழியே. அங்கே காற்றின்றிக் கழிவு அழுகும்பொழுது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு பிறக்கிறது. சிறிதளவில் அது அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகுந்தாலோ மூக்கின் உணர்வே மரத்துப்போகும். ‘நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம்’ என்று ஒருவன் எண்ணுகின்ற அந்த நொடியே அவனுடைய இறுதி நொடியாகலாம்.

ஊரில் கிணற்றுத் தூர் வாரும் பெரியவர்கள், இறங்குவதற்கு முன் எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் உள்ளே நல்ல காற்று இல்லை என்று அறிவார்கள். அரிய அனுபவ அறிவு அது. ஆனால் கழிவுத் தொட்டிக்கு அது உதவாது. அங்கே எரியும் மீத்தேன் வாயுவும் உண்டு. விளக்கை இறக்கினால் தீப்பற்றி வெடிக்கக்கூடும். சிறிதளவிலேயே ஆளைக் கொல்லும் நச்சு வாயுவை விளக்கு காட்டிக் கொடுப்பதும் இல்லை. அதற்குத் தனிக் கருவி உண்டு. பழகிய கை மட்டும் போதாது. பயின்ற அறிவும் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

நம் நாட்டுச் சட்டமும் இதனை உணர்ந்தே இயற்றப்பட்டது. மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், தக்க பாதுகாப்புக் கருவிகளும் முன்னேற்பாடுகளும் இன்றிச் சாக்கடையிலோ கழிவுத் தொட்டியிலோ எவரையும் இறக்கக் கூடாது என்கிறது. மாநகராட்சியானாலும், ஒப்பந்தக்காரரானாலும், நம்மைப்போன்ற வீட்டுக்காரரானாலும் இது பொருந்தும். முதல் முறை மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இது எங்கோ நடக்கும் கதை அன்று. 2019 டிசம்பரில், நம் செம்பூருக்கு அடுத்த கோவண்டியில், ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் கழிவுத் தொட்டியைத் தூய்மை செய்ய இறங்கிய மூன்று தொழிலாளர் நச்சு வாயுவால் மாண்டனர். அவர்களுடைய மனைவியர் மூவரும் நீதி கேட்டு மும்பை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றனர். மூவருக்கும் தலா 10 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2021 செப்டம்பரில் தீர்ப்பாயிற்று. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இத்தகைய சாவுக்கு உரிய இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது, போன உயிர் மீளவில்லை.

எங்கள் கட்டடத்தில் நடந்ததையும் மறைக்காமல் சொல்லி விடுகிறேன். தொட்டியைத் தூய்மை செய்ய மூவர் விலை கூறியிருந்தனர். அவருள் ஒருவர் கேட்ட தொகை மற்றவர் கேட்டதில் பாதி. அவரிடம் ஊர்தி இல்லை, குழாய் இல்லை. “இரண்டு ஆட்கள் இறங்கினால் இரண்டு மணி நேரத்தில் முடித்து விடுவார்கள்” என்றார். செயற்குழுவில் இருந்த நாங்கள் அனைவரும் தலையசைத்தோம். கையொப்பமிடப் பேனாவை எடுத்தவனும் நானே.

அப்பொழுது, மூலையில் அமர்ந்திருந்த முதிய அம்மையார் ஒருவர், “இறங்கப் போகிற பிள்ளைகளின் பெயர் என்ன ஐயா?” என்று கேட்டார். ஒப்பந்தக்காரர் சிரித்தார். “பெயர் எதற்கு அம்மா? காலையில் நாக்காவில் வேலைக்கு நிற்பவர்களில் இருவரை அழைத்து வருவேன்” என்றார். “ஏறி வராவிட்டால் யார் வீட்டில் போய்ச் சொல்வீர்கள்?” என்று அம்மையார் மீண்டும் கேட்டார். அவர் விடை கூறவில்லை. எங்களுக்கும் விடை தெரியவில்லை. பேனாவை மூடி வைத்தேன்.

உறிஞ்சு குழாய் பொருத்திய ஊர்தி உடையவரையே பின்னர் அமர்த்தினோம். கூடுதல் செலவை வீட்டுக்கு வீடு பங்கிட்டால், ஒரு மாதப் பால் செலவுக்கும் குறைவாகவே வந்தது. இந்தச் சிறு தொகைக்காகவா இரண்டு உயிர்களைப் பணயம் வைக்க முனைந்தோம் என்று எண்ணி நாணினேன்.

வீட்டில் கரப்பானுக்கு மருந்தடிக்க வரும் நிறுவனத்துக்கே 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளின்படி உரிமம் தேவை. அவ்வாறிருக்க, ஆளைக் கொல்லும் குழிக்கு வருபவரிடம் நாம் ஏன் ஒன்றும் கேட்பதில்லை? தமிழ்நாட்டில் 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு, கழிவு ஏற்றும் ஊர்திகள் உள்ளாட்சியின் உரிமம் பெற்றே இயங்க வேண்டும் என்றாயிற்று. செங்கற்பட்டு மாவட்டக் கருங்குழியில் 2017 முதல் இயங்கும் நிலையத்தில், இத்தகைய கழிவு பக்குவப்படுத்தப்பட்டு உரமாகிறது. முறையாகச் செய்தால் கழிவும் மீண்டும் எருவாகி வயலுக்குச் செல்லும். முறை தவறினால் அது ஓடையைக் கெடுக்கும், ஆளையும் கொல்லும்.

ஆதலின், உங்கள் கட்டடத்துக்கு ஒருவர் வந்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். உரிமம் உண்டா? உறிஞ்சும் ஊர்தி உண்டா? பணியாளர் பயிற்சி பெற்றவரா? கழிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்? ஒப்பந்தத்தில் ‘ஆள் இறங்கக் கூடாது’ என்று எழுதி வாங்குங்கள். ஐயம் எழுந்தால் உங்கள் வார்டு அலுவலகத்தைக் கேளுங்கள். தாராவிக்கு ஜி வடக்கு, மாட்டுங்காவுக்கு எஃப் வடக்கு, செம்பூருக்கு எம் மேற்கு, கோவண்டிக்கு எம் கிழக்கு. தொட்டித் தூய்மைக்கென 14420 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு. ஒருவேளை எவரேனும் உள்ளே மயங்கி விழுந்தால், பதறிப் பின்னால் குதிக்காதீர்கள். காப்பாற்றக் குதித்தவரும் மாண்ட நிகழ்ச்சிகள் பல. உடனே 101-இல் தீயணைப்புப் படையை அழையுங்கள்.

தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைப் பிறப்பின் பெயரால் சிலர்மேல் சுமத்தி வைத்தோம். பயிற்சியும் உரிமமும் அதனைப் பிறப்பிலிருந்து பிரித்து, அறிவுடைய தொழிலாக்கும் வழிகள். உரிமத்தை நாம் கேட்டால்தான் ஒப்பந்தக்காரர் அதனைத் தேடுவார்.

ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது நம் பெரியோர் வாக்கு. நம் காலுக்கு மட்டுமன்று, பிறர் காலுக்கும் அது பொருந்தும்.