கழுவெளியும் கட்டட அனுமதியும்

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குள்ளும், அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள்ளும் புதிய கட்டடங்களுக்கு அனுமதி வழங்கலாகாதென்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. சதுப்பின் எல்லையைக் களத்தில் அளந்து, அதன் நீரோட்டத்தைப் பாதிக்கும் பிரதேசம் எதுவென்று நிர்ணயம் செய்யும் வரைக்குமே இத்தடை. அதன்பேரில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் விண்ணப்பங்களை நிறுத்தி வைத்தது. உடனே பெருங்கூக்குரல் எழுந்தது. தொழில் நசித்துவிடும், கூலியாட்கள் பட்டினி கிடப்பார்கள், கடன்பட்டு மனை வாங்கியவன் கதி என்ன என்று கேட்டார்கள். கூலியாட்களிடம் கட்டட முதலாளிகளுக்கு இத்தனை பரிவு சாதாரண காலங்களில் காணக்கிடைப்பதில்லை. ஆயினும் மனை வாங்கியவனைப் பற்றிய கேள்வி நியாயமானது. அதற்குப் பின்னர் வருவோம்.

முன்னோர் இந்நிலத்தைக் கழுவெளி என்றார்கள். மடிப்பாக்கம், நாராயணபுரம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் முதலிய ஏரிகளின் உபரி நீர் இங்கே வந்து பரவித் தேங்கி, பிறகு ஒக்கியம் மடுவு வழியாகத் தெற்குப் பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து, முட்டுக்காட்டருகே கடலில் கலக்கிறது. வரும் வழிகள் பல. போகும் வழி ஏறக்குறைய ஒன்றே. ஆகையால் தண்ணீர் தங்குவதற்கு இடம் வேண்டும். அந்த இடத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கி மாடி எழுப்பினால், தண்ணீர் பக்கத்துத் தெருவில் ஏழையின் வீட்டுக்குள் புகும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வேளச்சேரி வாசிகள் படகேறித் தப்பியதை யார் மறந்தார்கள்?

குற்றம் முதலாளிகளுடையது மாத்திரமன்று. பெருங்குடியில் நகரத்தின் குப்பையைச் சதுப்பிலேயே கொட்டி மலையாக்கியது எந்தத் தனி மனிதருமல்ல. 2022-இல் 1,247 ஹெக்டேர் பரப்பு ராம்சர் தலமாக உலகறிய அறிவிக்கப்பட்டது. காப்புக் காடாக இருந்த பகுதியைவிட இது மிகப் பெரியது. அப்படியானால் மீதிப் பரப்பு எந்தெந்த சர்வே எண்களில் அடங்குகிறது என்று மறு மாதமே கல் நட்டுக் காட்டியிருக்க வேண்டாமா? மூன்று வருஷம் கழித்து ஒரு தீர்ப்பாயம் கேட்கும்படி நேர்ந்தது. அதிகாரிகள் அளக்காமல் விட்ட நிலத்தில் பொதுஜனங்கள் பணத்தைப் போட்டார்கள். மனை வாங்கியவனுடைய கஷ்டம் தடையினால் விளைந்ததன்று. அந்த மூன்று வருஷ அசிரத்தையால் விளைந்தது.

தடையை உடனே நீக்குவதே பரிகாரம் என்போர் பெங்களூரைப் பார்க்கலாம். 2019 ஜூனில் தண்ணீர்ப் பஞ்சத்தை முன்னிட்டு, ஐந்து வருஷத்துக்குப் புதிய அடுக்குமாடிக் கட்டடங்களை நிறுத்தலாமா என்று கர்நாடகத் துணை முதலமைச்சர் பரமேசுவரா யோசனை சொன்னார். எதிர்ப்பு கிளம்பியது, யோசனை கைவிடப்பட்டது. 2024 கோடையில் அந்நகரத்தின் ஆழ்துளைக் கிணறுகள் வறண்டு, அடுக்குமாடிவாசிகள் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றார்கள்.

நாம் தடையை ஆதரிக்கிறோம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. தண்ணீர் ஒரு கிலோமீட்டர் வட்டம் போட்டு ஓடுவதில்லை. வட்டத்துக்குள்ளே பல காலமாக வீடுகள் நிறைந்த மேட்டுத் தெருக்கள் உண்டு. வட்டத்துக்கு வெளியே நீர் வரும் தாழ்வான பாதைகளும் உண்டு. மேட்டுத் தெருவில் அரை கிரவுண்டில் பழைய வீட்டை இடித்துக் கட்ட நினைப்பவனையும், பள்ளத்தில் ஆயிரம் வீடு எழுப்ப நினைப்பவரையும் ஒரே தராசில் நிறுப்பது குத்துமதிப்பு. அளவை முடியும் வரையில் குத்துமதிப்பைப் பொறுக்கலாம். ஆனால் முடிவு தேதியில்லாத தடை, செல்வாக்குள்ளவர்கள் விலக்குப் பெறும் சந்தையாகிவிடும். செல்வாக்கில்லாதவன் வங்கிக்கு வட்டி கட்டிக்கொண்டே நிற்பான்.

எனவே இத்தகைய தடையொன்றை விதிக்கும்போதே அளவை முடியும் தேதியையும் விதிக்க வேண்டும். விலக்குக் கோரியவர் யார், பெற்றவர் யார், காரணம் என்ன என்பதைப் பகிரங்கப்படுத்த வேண்டும். சர்வே எண்களின் ஜாபிதா தமிழில், மாநகராட்சியின் வட்டார அலுவலகத்திலும் சுற்றுப்புற ஊராட்சி அலுவலகங்களிலும் சுவரில் ஒட்டப்பட வேண்டும். மனை வாங்கப் போகிறவன் முன்பணம் கொடுக்குமுன் அதைப் படித்துப் பார்க்கட்டும்.